யாருடைய துளை

முதல் தடவை நான் அவசரப்பட்டேன்.
அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்,
ரிப்போர்ட்டில் அதற்கென்று கட்டம் கிடையாது.

ராணிப்பேட்டை சிப்காட். ஜன்னலைச் சாத்தினாலும்
தோல் ஷெட்டின் வாடை உள்ளே வந்து
எங்களோடு உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம்.
சேறு இறைக்கும் பம்பின் இம்பெல்லர் ஒன்று
உடைந்த ஓரத்தோடு செய்தித்தாளில் சுற்றி வந்தது.
குரோமியம் கூடின வார்ப்பிரும்பு.
கருங்கல் பொடியைத் தாங்கும்,
கைதவறி விழுந்தால் வளையல் மாதிரித் தெறிக்கும்.
உள்ளே அங்கங்கே காற்று.

வழக்கமான துண்டு என்று
வழக்கம்போல் அறுத்தேன். அழுத்தித் தேய்த்தேன்.
வெல்வெட் துணியில் மெருகேற்றி, அமிலம் காட்டி,
லென்ஸின் கீழே வைத்தால்
பொரியில் எள்ளைக் கொட்டினாற்போல் கருப்பு.
எண்ணினேன். ஒன்பது புள்ளி நான்கு சதவீதம்.
நான்கு வரைதான் அனுமதி.
கையெழுத்துப் போட்டேன்: வெ. கிருபாவதி.
நாற்பத்திரண்டு வார்ப்புகள்
வந்த வண்டியிலேயே வாலாஜாபேட்டைக்குத் திரும்பின.

மறுநாள் காலை துண்டு வேர்த்திருந்தது.
கண்ணாடியாய் இருந்த முகத்தில்
பழுப்பாய் வட்ட வட்டக் கறை.
துளைக்குள் பதுங்கின அமிலம் ராத்திரி பூரா கசிந்திருக்கிறது,
பாலாற்று மணல் போல:
மேலே காய்ந்து கிடக்கும்,
கை விட்டுப் பறித்தால் ஊறும்.
சும்மா இருந்திருக்கலாம். திரும்ப லென்ஸில் வைத்தேன்.
உறையும்போது காற்று விட்ட துளை உருண்டையாக இருக்கும்.
இதில் பாதிக்கு மேல் கோணல்மாணல்,
பல் பிடுங்கின ஈறு.

மறுபடி.
தாள் கனத்தில் வைரத் தகடு.
எடையைக் குறைத்து, தானாக இறங்கட்டும் என்று விட்டு
டீ குடித்து வந்தேன். பாதிதான் இறங்கியிருந்தது.
ஆல்கஹாலில் குலுக்கி, அறுபது டிகிரியில் உலர்த்தி,
கடைசி ஈரமும் போகட்டும் என்று காத்திருந்து...
கத்திரி வெயில். முதல் கிண்ணம் பிசின்
கலக்கின கையிலேயே சூடேறிக் கல்லாயிற்று.
அடுத்த பாட்டிலை
என் தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜில் வைத்தேன்.
பிறகு நீலச் சாயம், இரண்டு சொட்டு.
மூடியைத் திருகி, பம்பு காற்றை உறிஞ்ச,
துண்டு கொப்பளித்தது:
வார்த்த அன்றைக்கு விழுங்கினதையெல்லாம்
சின்னச் சின்ன ஏப்பமாய்.
காற்றைத் திரும்ப விட்டதும் நீலம் உள்ளே அழுந்தும்.
மூன்று முறை இப்படி. இரண்டாவதில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உறுமும்வரை
ஒழுகுகிற வால்வை விரலால் பொத்திக்கொண்டு நின்றேன்.

ராத்திரி இறுகட்டும் என்று விட்டேன். காலையில்
முடியில்லாத கெட்டித் துணி, நெற்றியில் பொட்டு வைக்கிற அழுத்தம்.

நீலம் நிறைந்திருந்தால் அது வார்ப்பின் துளை.
வெறுமையாய் இருந்தால் அது என் துளை.
மூன்று புள்ளி ஒன்று.
இத்தனை பதனத்துக்குப் பிறகும் வெறுமையாய் ஏழெட்டு இருந்தன.

இம்தியாஸ் சார் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.
விசிறி சுற்றுகிற சத்தம்.
“காரணம்னு கேப்பாங்களே.
மெருகேற்றும்போது துகள் பெயர்ந்ததுன்னு போடுங்க.”
பெயர்த்தது என்று அடித்தேன்.
ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம்.
யார் என்பதற்குக் கீழே பெயர் இருக்கிறது.

வார்ப்பட மேஸ்திரி சம்பங்கிக்கு நானே போன் போட்டேன்.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
பின்னால் சம்மட்டி நின்றது.
“மூணை உடைச்சிட்டோமேம்மா” என்றார்.
பிறகு யாரிடமோ, வாயைத் திருப்பி,
“ஏய், நிறுத்துடா.”

உடைந்ததில் ஒரு சில்லு வேண்டும் என்று கேட்டேன்.
எதற்கு என்றார்.
இரண்டாவது சாம்பிள் இல்லாமல்
மூன்று புள்ளி ஒன்றை நான் எப்படி நம்புவது.